கற்பனைத் தட்டச்சும் புள்ளிக் கட்டமும்

1966-ஆம் வருஷத்தில், அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில், ஆர்ப்பா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்குத் தலைவராகப் பொறுப்பேற்ற ராபர்ட் டெய்லர் என்பவருடைய அலுவலகத்தில் மூன்று முனையங்கள் இருந்தன. ஒன்று கலிபோர்னியாவில் சாண்டா மோனிகாவிலிருந்த ஒரு கணினியோடும், இன்னொன்று பெர்க்லி சர்வகலாசாலையின் கணினியோடும், மூன்றாவது நாட்டின் மறுகோடியில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்துக் கணினியோடும் கம்பி வழியாக இணைக்கப்பட்டிருந்தன. மூன்று ஆராய்ச்சிகளுக்கும் பணம் கொடுத்தது அவருடைய இலாகாதான். ஆனாலும், முதலாவது முனையத்தில் ஒருவரோடு சம்பாஷித்துக்கொண்டிருக்கும்போதே அந்த விஷயத்தை மூன்றாவது ஊரிலிருக்கும் ஒருவரிடம் கேட்க வேண்டுமென்று தோன்றினால், அவர் நாற்காலியை விட்டு எழுந்து, வேறு முனையத்தின் முன் போய் உட்கார்ந்து, அதற்கே உரிய வேறொரு கட்டளை முறையை ஞாபகத்துக்குக் கொண்டுவந்து, புதிதாகத் தம் பெயரைச் சொல்லி உள்ளே நுழைய வேண்டியிருந்தது. ஒரே முனையத்திலிருந்து மூன்றையும் ஆள முடியாதா என்று அவர் கேட்ட கேள்வியே, பிறகு உலகத்தையெல்லாம் இணைத்த வலையமைப்புக்கு வித்தாயிற்று.

ஒரு கணினியின் முன் அமர்ந்துகொண்டு, எட்டாத தூரத்திலிருக்கும் வேறொரு கணினியை, அதுவும் வேறு இயங்குதளத்தைக் கொண்ட கணினியை, கைக்கெட்டியதுபோல் இயக்குவது இன்று நமக்குச் சர்வசாதாரணமாகிவிட்டது. விண்டோஸ் உள்ள மடிக்கணினியிலிருந்து லினக்ஸ் சர்வரைத் திறப்பவரும், மாக் கணினியிலிருந்து அலுவலகத்து விண்டோஸ் திரையைப் பார்ப்பவரும் நடுவில் ஒரு கடலைத் தாண்டியிருப்பதை உணர்வதில்லை. இயங்குதளம் என்பது ஒரு யந்திரத்தின் ஆசார அனுஷ்டானங்கள் அனைத்தும் சேர்ந்தது. எழுத்தை எந்த எண்ணால் குறிப்பது, வரி முடிந்ததை எப்படி அறிவிப்பது, திரையில் ஒரு ஜன்னலை யார் வரைவது என்பன போன்ற நூற்றுக்கணக்கான விஷயங்களில் ஒவ்வொன்றும் தன் வழியே போகும். இந்த வேற்றுமையைக் கடந்தவர்கள் ஒரு யந்திரத்துக்கு மற்றொன்றின் பாஷையைக் கற்பிக்க முயன்றார்கள் என்றே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சரித்திரத்தைப் படித்த பிறகுதான், அவர்கள் செய்தது நேர்மாறான காரியம் என்பது விளங்கியது. இருவருக்கும் சொந்தமில்லாத, எவராலும் எளிதில் பாவனை செய்யக்கூடிய, மிகவும் எளிய மூன்றாவது பொருள் ஒன்றை அவர்கள் மனத்தால் சிருஷ்டித்தார்கள்.

தூரத்திலிருந்து இயக்குவது மட்டுமே நோக்கமென்றால், அது டெய்லருக்குக் கால் நூற்றாண்டு முன்பே கைகூடிவிட்டது. 1940 செப்டம்பர் 11-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஹானோவரில் டார்ட்மத் கல்லூரியில் கூடிய கணித அறிஞர்களின் முன்னிலையில், பெல் ஆராய்ச்சிக்கூடத்து ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், ஒரு டெலிடைப் யந்திரத்தின் மூலம் நியூயார்க்கில் இருந்த ரிலே கணிப்பானுக்குக் கணக்குகளை அனுப்பி, விடைகளை அதே டெலிடைப்பில் அச்சாகி வரச்செய்தார். கணித அறிஞர் நார்பர்ட் வீனரும், பிற்காலத்தில் எனியாக் கணினியை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜான் மாக்லியும் அன்று கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் அந்தக் கம்பியின் இரு முனைகளும் ஒரே கை செய்தவை. ஒன்றுக்கொன்று அந்நியமான இரண்டு யந்திரங்கள் சந்திக்கும் சங்கடம் அங்கே எழவில்லை.

அந்தச் சந்திப்பு 1969 அக்டோபர் 29-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு நிகழ்ந்தது. லாஸ் ஏஞ்சலீஸிலிருந்த கலிபோர்னியா சர்வகலாசாலையில் பேராசிரியர் லியோனார்டு கிளைன்ராக்கின் மாணவர் சார்லி கிளைன், சிக்மா 7 என்ற கணினியின் முன் அமர்ந்து, வடக்கே மென்லோ பார்க்கில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த எஸ்.டி.எஸ். 940 கணினிக்குள் நுழைய ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டினார். அந்தப் பக்கத்தில் பில் டுவால் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, எழுத்து வந்ததா என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல் வந்தது, ஓ வந்தது, மூன்றாவது எழுத்தில் எதிர்ப்பக்கத்து யந்திரம் நிலைகுலைந்து நின்றுவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் பழுது பார்த்த பிறகு முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது. இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு எழுத்துகளிலேயே மனத்தைச் செலுத்துகிறார்கள். இன்டர்நெட்டின் மூதாதையான அந்த வலையமைப்பின் வழியாக முதன்முதலில் செய்யப்பட்ட காரியம், கடிதம் அனுப்பியதுமல்ல, கோப்பு அனுப்பியதுமல்ல, ஒரு யந்திரத்திலிருந்து கொண்டு வேறு ஜாதியைச் சேர்ந்த மற்றொரு யந்திரத்துக்குள் புகுந்ததே என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் சாண்டா பார்பரா, யூட்டா ஆகிய இரண்டு சர்வகலாசாலைகளும் சேர்ந்துகொண்டன. ஒன்றில் இருந்தது ஐ.பி.எம். 360/75, மற்றொன்றில் பி.டி.பி. 10. நான்கு ஊர், நான்கு விதக் கணினி, நான்கு சம்பிரதாயம். ஐ.பி.எம். யந்திரம் எழுத்துகளுக்குத் தனக்கென்று வைத்திருந்த எண் வரிசை மற்ற யந்திரங்களின் ஆஸ்கி வரிசையோடு ஒத்துப்போகவில்லை. சில யந்திரங்கள், தட்டப்பட்ட எழுத்தைத் தாமே எதிரொலித்துக் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டின. சிலவற்றில் முனையமே அதைச் செய்துகொள்ளும் என்பது ஏற்பாடு. இரண்டு பேரும் எதிரொலித்தால் ஒவ்வோர் எழுத்தும் இரட்டையாக விழும். இருவரும் சும்மா இருந்தால் தட்டுகிறவர் தாம் தட்டியதையே காண முடியாது. யந்திரங்களின் வகை பத்தாகப் பெருகினால், ஒவ்வொன்றுக்கும் மற்ற ஒன்பதின் வழக்கத்தையும் கற்பிக்க வேண்டும். புதிதாகப் பதினோராவது ஒன்று வந்தால் பழைய பத்தையும் திருத்த வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு டெல்நெட் என்ற முறை கண்ட உபாயம் போற்றத்தக்கது. யூட்டாவைச் சேர்ந்த ஸ்டீவ் கார் 1969 செப்டம்பரிலேயே அதற்கு ஒரு குறிப்பு எழுதினார். பிறகு பலர் கைபட்டு வளர்ந்து, 1983 மே மாதம் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்.எப்.சி. 854 என்ற ஆவணத்தில் அது நிலையான வடிவம் பெற்றது. உலகத்தில் எங்கும் செய்யப்படாத, எந்தக் கடையிலும் விற்கப்படாத ஒரு தட்டச்சு முனையத்தை அவர்கள் கற்பனை செய்தார்கள். அதற்கு ஒரு கீபோர்டு உண்டு. ஓர் அச்சிடும் பகுதி உண்டு. ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகள் தெரியும். வரி முடிந்தால் வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளி, காகிதத்தை ஒரு வரி மேலே ஏற்றும். அதற்குமேல் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கணினியும் தன் சொந்த முனையத்தின் வழக்கத்தை இந்தக் கற்பனை முனையத்தின் வழக்கமாக மாற்றி அனுப்பினால் போதும். எதிரே இருப்பது ஐ.பி.எம்.மா, பி.டி.பி.யா என்று அது கேட்கவே வேண்டியதில்லை. பத்து யந்திரங்கள் இருந்தால் பத்து மொழிபெயர்ப்புகள். பதினோராவது வந்தால் இன்னும் ஒன்றே ஒன்று.

இதைவிட எனக்கு மனநிறைவு தருவது, அந்த எளிய முனையத்துக்கு மேல் ஏதேனும் வசதி வேண்டுமென்றால் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்வதற்கு அவர்கள் வகுத்த மரியாதை முறை. ‘நான் இதைச் செய்யலாமா’, ‘நீ இதைச் செய்கிறாயா’ என்று ஒருவர் கேட்கலாம். மற்றவர் சம்மதிக்கலாம், அல்லது மறுக்கலாம். புதிய வசதி ஒன்றைத் தொடங்கும்படி கேட்டால் மறுப்பதற்கு எவருக்கும் எப்போதும் உரிமை உண்டு. ஆனால், நடந்துகொண்டிருக்கும் வசதியை நிறுத்திவிட்டு அந்தப் பழைய எளிய நிலைக்குத் திரும்பும்படி கேட்டால், மறுக்கவே கூடாது. சக்தி மிகுந்த யந்திரம் சக்தி குறைந்ததைத் தன் வழிக்கு இழுத்துச் செல்ல முடியாதபடி, இந்த விதி காவல் நின்றது.

எழுத்து மட்டும் போக்குவரத்தாக இருந்த வரையில் இந்தக் கற்பனைத் தட்டச்சு போதுமானதாக இருந்தது. படமும் ஜன்னலும் மவுஸும் வந்தபோது பழைய கேள்வி புது வேஷத்தில் எழுந்தது. 1968 டிசம்பர் 9-ஆம் தேதியே டக்ளஸ் எங்கல்பார்ட், சான் பிரான்சிஸ்கோ மேடையில் அமர்ந்து, ஏறத்தாழ 30 மைலுக்கு அப்பால் மென்லோ பார்க்கிலிருந்த கணினியை மவுஸால் இயக்கி, அதன் திரையைப் பெரிய வெண்திரையில் சபையோருக்குக் காட்டினார். ஆனால் அந்தப் படம் வந்தது மைக்ரோவேவ் இணைப்பில், தொலைக்காட்சிப் படம் வருவதுபோல. சாமானிய வலையமைப்பில் அதைச் செய்ய 1984-ல் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஷைப்ளரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் விண்டோ முறை வழிகாட்டியது. அங்கே பல கம்பெனிகளின் கணினிகள் கலந்து இருந்தமையால், ஒன்றில் ஓடும் நிரல் மற்றொன்றின் திரையில் ஜன்னல் திறக்கும்படி அமைக்க வேண்டியது அவசியமாயிற்று. 1987 செப்டம்பரில் வெளிவந்த அதன் பதினோராவது பதிப்பு யூனிக்ஸ் உலகத்தின் பொதுச் சொத்தாயிற்று. தனி நபர் கணினிகளின் உலகத்தில், 1986-ல் வந்த பிசி எனிவேர் போன்ற மென்பொருள்கள் டெலிபோன் கம்பியில் மோடத்தை வைத்து ஒரு கணினியிலிருந்து இன்னொன்றை ஆளச் செய்தன. அவற்றில் பெரும்பாலும் இரு முனையிலும் ஒரே வகை யந்திரமே இருந்தமையால், நம் விஷயத்துக்கு அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸ் முறையின் தத்துவத்தை ஒரு கோலத்தைக் கொண்டு விளக்கலாம். வெளியூரிலிருக்கும் மகளுக்குத் தாய் டெலிபோனில் கோலம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்புள்ளி ஏழு வைத்து நடுவில் தாமரை போடு என்றால், அந்தப் பரிபாஷை பழகிய மகளுக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்; டெலிபோனிலும் நேரம் மிச்சம். ஆனால் தாமரை என்றால் எந்த வளைவு, எத்தனை இதழ் என்பதெல்லாம் அவளுக்கும் தாய்க்குத் தெரிந்தவாறே தெரிந்திருக்க வேண்டும். கோலமே போட்டறியாத ஒருத்தி எதிர்முனையில் இருந்தால், தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லி, இந்தக் கட்டத்தில் மாவு வை, இந்தக் கட்டத்தை விட்டுவிடு என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நேரம் அதிகமாகும், ஆனால் எந்த ஊர்க் கோலமானாலும், எந்தத் தேசத்துப் பெண்ணானாலும் அந்த வழி பலிக்கும். கோடு போடு, எழுத்து எழுது, ஜன்னல் திற என்று சொல்லும் எக்ஸ் முதல் வகையைச் சேர்ந்தது. அதைப் பெறுகிற யந்திரத்துக்கு எழுத்துருக்களும் வரைகலைச் சம்பிரதாயங்களும் நிறையத் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்தாலோ, ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் அதோடு மாண்டுபோகும்.

இரண்டாவது வழியைத் துணிந்து மேற்கொண்டது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து டிரம்பிங்டன் தெருவில் இருந்த ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடம். 1986-ல் ஆண்டி ஹாப்பரும் ஹெர்மன் ஹவுசரும் இத்தாலிய ஒலிவெட்டி கம்பெனியின் ஆதரவில் நிறுவிய அந்தக் கூடம் ஓ.ஆர்.எல். என்று அழைக்கப்பட்டது; பிற்பாடு ஆரக்கிள் கம்பெனியும் அதில் சேர்ந்தது. அங்கே வேலை செய்தவர்கள் சட்டையில் ஒரு சிறு பட்டையை அணிந்திருந்தார்கள். 15 வினாடிக்கு ஒருமுறை அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியால் தன் சங்கேத எண்ணை வெளியிட, அறைதோறும் இருந்த உணரிகள் அதைக் கண்டு, இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று அறிந்துகொண்டன. ஆள் எங்கே போகிறாரோ அங்கே அவருடைய திரையும் போனால் என்ன என்ற எண்ணம் அந்தச் சூழ்நிலையில் இயல்பாகவே எழுந்தது. முதலில் எக்ஸ் முறையைக் கொண்டே அதைச் சாதித்து, டெலிபோர்ட்டிங் என்று பெயரிட்டார்கள். பிறகு வீடியோ டைல் என்ற ஒரு தகட்டைச் செய்தார்கள். திரையும் பேனாவும் வலையமைப்பு இணைப்பும் தவிர அதில் அறிவென்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. படம் அனைத்தும் எங்கிருந்தோ புள்ளிகளாக வந்து அதன்மீது விழுந்தது. அந்த அறிவற்ற தகட்டையே மென்பொருளாகச் செய்து எந்தக் கணினியிலும் ஓடவிட்டால் என்ன என்று கேட்டதன் பலனே வி.என்.சி.

டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாபோர்டு பிரேசர், கென்னத் வுட், ஆண்டி ஹாப்பர் ஆகிய நால்வரும் 1998-ன் தொடக்கத்தில் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆர்.எப்.பி. என்ற அதன் சங்கேத முறை படம் வரைவதற்கு அறிந்திருந்த அடிப்படைக் காரியம் ஒன்றே: இன்ன இடத்தில், இன்ன அகல உயரத்தில் புள்ளிகளாலான ஒரு கட்டத்தை வை. ஜன்னல் என்றால் என்ன, மெனு என்றால் என்ன, தமிழ் எழுத்தா கிரேக்க எழுத்தா என்பதொன்றும் அதற்குத் தெரியாது. தெரியாமலிருந்ததனாலேயே விண்டோஸ், யூனிக்ஸ், மாக் என்ற பேதம் அதைத் தீண்டவில்லை. எதிர்த்திசையில் போவது அதைவிடச் சொற்பம்: மவுஸ் அசைந்தால் 6 பைட், ஒரு விசையை அழுத்தினால் 8 பைட், விட்டால் இன்னும் 8 பைட். எந்த யந்திரத்தையும் எந்த யந்திரத்திலிருந்தும் ஆளுவதற்கு வேண்டிய கட்டளையெல்லாம் இவ்வளவில் அடங்கிவிட்டது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான ஆச்சரியம் இன்னும் தணியவில்லை.

இந்த முறைக்குச் சொல்லப்படும் ஆட்சேபம் நியாயமானதே. 1024-க்கு 768 என்ற அளவுள்ள திரையில் 7,86,432 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பைட் என்று வைத்தாலும், அக்காலத்து 56,000 பிட் மோடத்தில் ஒரு முழுத் திரையை அப்படியே அனுப்ப ஏறக்குறைய மூன்றே முக்கால் நிமிஷம் ஆகும். ஆகவே கேம்பிரிட்ஜ்காரர்கள் பல சிக்கன உபாயங்களைச் சேர்த்தார்கள். மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது ஒன்று. ஜன்னலை நகர்த்தும்போது, ‘உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கட்டத்தை அங்கிருந்து இங்கே எடுத்து வை’ என்று சில பைட்டுகளில் சொல்லிவிடுவது மற்றொன்று. ஒரே நிறம் பரந்து கிடக்கும் இடத்தைச் சுருக்கிச் சொல்வது இன்னொன்று. எல்லாவற்றிலும் நுட்பமானது, பார்க்கும் பக்கம் கேட்டால்தான் புதிய படம் அனுப்பப்படும் என்ற விதி. வேகம் குறைந்த கம்பியில் இருப்பவர் தாமதமாகக் கேட்பார், இடையில் நிகழ்ந்த மாறுதல்கள் ஒன்றாகக் கலந்து கடைசி நிலை மட்டும் அவருக்கு வந்து சேரும். திரையில் தெரியும் படத்தைத் தவிர, பார்க்கும் பக்கம் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆகையால் இணைப்பு அறுந்தாலும் தூரத்து யந்திரத்தில் வேலை நிற்பதில்லை. அடுத்த ஊருக்குப் போய் வேறொரு கணினியில் திறந்தால், பாதியில் விட்ட வாக்கியம் பாதியிலேயே காத்திருக்கும். விண்டோஸில் ஓடிய அக்காலத்துப் பார்வை நிரல் சுமார் 150 கிலோபைட்தான். நிறுவ வேண்டிய அவசியமில்லாமல் ஒரு பிளாப்பியிலிருந்தே அதை ஓட்ட முடிந்தது. இத்தனையையும் மூல நிரலோடு எவரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வெளியிட்டார்கள்.

அதே 1998-ல் மைக்ரோசாப்ட், சிட்ரிக்ஸ் கம்பெனியிடம் உரிமம் பெற்ற நுட்பத்தின்மீது விண்டோஸ் என்.டி. 4.0-க்கு ஒரு டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது; 2001-ல் எக்ஸ்பி பதிப்போடு அந்த வழி மேஜைக் கணினிக்கும் வந்தது. அதன் ஆர்.டி.பி. முறை, வரைகலைக் கட்டளைகளையும் அனுப்பும் முதல் வகையைச் சார்ந்தது. வேகத்தில் அது சிறந்ததென்பதை மறுக்க முடியாது. ஆனால் அது விண்டோஸுக்கென்றே அமைந்தது; லினக்ஸ்காரர்களும் அதைத் திறப்பதற்கு ஆர்டெஸ்க்டாப் என்ற நிரலைப் பிறர் முயன்று எழுத வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தவர்கள் அதற்குப் பூட்டுப் போடுவதை அவ்வளவாக நினைக்கவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். டெல்நெட்டில் கடவுச்சொல் உட்பட அனைத்தும் மறைப்பில்லாமல் போயின. நடுவில் ஒட்டுக்கேட்பவனுக்குத் தடையே இல்லை. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் வலையமைப்பில் அப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்டபோது, அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யூலோனென் என்பவர், போக்குவரத்து முழுவதையும் மறைகுறியாக்கும் எஸ்.எஸ்.எச். முறையை எழுதினார். டெல்நெட்டின் வாயில் எண் 23. கோப்பு அனுப்பும் எப்.டி.பி.யின் எண் 21. நடுவில் காலியாக இருந்த 22-ஐத் தமக்குத் தருமாறு அவர் எண்களை ஒதுக்கும் அதிகாரிகளுக்கு எழுத, மறுநாளே அனுமதி வந்தது. அந்தப் பதிலில் கையொப்பமிட்டிருந்தவர், பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் டெல்நெட்டின் இலக்கணத்தை எழுதிய இருவரில் ஒருவரான ஜாய்ஸ் ரெனால்ட்ஸ். வி.என்.சி.யிலும் இதே குறை இருந்தது. கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும், அதைத் தாண்டி உள்ளே போன பிறகு புள்ளிகளும் விசைகளும் திறந்த வழியிலேயே சென்றன. அதனால் நிர்வாகிகள் வி.என்.சி.யை எஸ்.எஸ்.எச். குழாய்க்குள் வைத்து அனுப்பும் பழக்கத்தைக் கைக்கொண்டார்கள். கற்பனைத் தட்டச்சின் வாரிசு, புள்ளிக் கட்டத்துக்குக் காவலாக வந்தது.

1999-ல் கேம்பிரிட்ஜ் கூடம் ஏ.டி. அண்டு டி. கம்பெனியின் கைக்குப் போயிற்று. 2002 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களில் சிலர் அதே வருஷம் ரியல் வி.என்.சி. என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள்; மூல நிரல் ஏற்கெனவே உலகத்தின் கையில் இருந்தமையால், டைட் வி.என்.சி., அல்ட்ரா வி.என்.சி. என்று பல கிளைகள் பிறரால் வளர்க்கப்பட்டன. ஆப்பிள் கம்பெனி தன் திரைப் பகிர்வுக்கு அதே முறையை ஆதாரமாகக் கொண்டது. 2011 மார்ச்சில் ரிச்சர்ட்சன் உடன் ஆசிரியராக இருந்து எழுதிய ஆர்.எப்.சி. 6143 என்ற ஆவணம், அந்தச் சங்கேத முறையைப் பொதுவில் பதிந்து வைத்தது.

அதன்படி இரண்டு யந்திரங்கள் சந்திக்கும்போது, ஆளப்படும் பக்கம் முதலில் 12 பைட் நீளமுள்ள ஒரு வரியை அனுப்பி, தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த பதிப்பின் எண்ணைச் சொல்கிறது. பார்க்கும் பக்கம் தனக்கு இயன்ற எண்ணை அதே 12 பைட்டில் திருப்பிச் சொல்கிறது. 3.3, 3.7, 3.8 என்ற மூன்றே எண்கள் முறையாக வெளியிடப்பட்டவை; அறிமுகமில்லாத வேறு எந்த எண் வந்தாலும், அதை 1998-ல் கேம்பிரிட்ஜிலிருந்து புறப்பட்ட அந்த 3.3 என்றே பாவித்துக்கொண்டு, பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.